ஒரு மணி நேர வெளியேற்றம்

"ஜோடி கிடையாது டெஸ். போய் உன் இடத்துல உட்காரு."

எதிர்க்கட்சிக் கொறடா ராஸ் ஹாலவே கையிலிருந்த காகிதத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"என் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு ராஸ். ஒரு மாசம் முன்னாடியே. மாப்பிள்ளை கடற்படைக் கப்பல்ல எங்கேயோ நடுக்கடல்ல இருக்கான். அவளுக்கு இங்க நான் ஒருத்தன்தான். உங்க ஆள் ஒருத்தரை வெளியே நிறுத்து, நானும் போயிடறேன். ரெண்டு பக்கமும் ஒண்ணு குறையும். காலங்காலமா செய்யறதுதானே?"

"மத்த மசோதாவுக்குச் செய்வோம். இதுக்கு முடியாது."

"மனுஷனாய்யா நீ?"

"கொறடா" என்று சொல்லிவிட்டு ராஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டை வாடகைக்கு விட்டு நஷ்டம் காட்டுகிறவர்களுக்கு இருந்த வரிச்சலுகையை நீக்கும் மசோதா அது. மூன்று மாதமாக ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் வேறு பேச்சே இல்லை. ஆளுங்கட்சிக்கு ஒரே ஒரு ஓட்டுதான் கூடுதல். அதன் உறுப்பினர் டெஸ் டியர்னன் எழுந்து போனால் சரிசமம். சரிசமம் ஆனால் மசோதா தோற்கும். ஓட்டெடுப்பு மூன்றரை மணிக்கு.

டெஸ் நடைபாதையில் நின்றபடி மகளைக் கூப்பிட்டார்.

"பிரைடி, நான் வந்துடறேன்மா. ஓட்டு கிடக்கட்டும்."

"வராதப்பா. இதைச் சொல்லித்தானே வீடு வீடா ஓட்டுக் கேட்ட? பதினோரு வருஷமா வாடகை வீட்டுல இருக்கேன், ஏலத்துக்குப் போறப்பல்லாம் நாலாவது வீடு வாங்கறவன்கிட்டத்தான் தோத்துட்டு வரேன். போட்டுட்டே வா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு..."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. ஒரு நீண்ட முனகல் மட்டும் கேட்டது. பிறகு யாரோ போனை வாங்கி அணைத்துவிட்டார்கள்.

டெஸ் உள்ளே போய்ப் பச்சை இருக்கையில் உட்கார்ந்தார். கேள்வி நேரம் அனல் பறந்துகொண்டிருந்தது. நிதியமைச்சர் எழுந்தால் எதிர்வரிசை கத்தும், அவர் உட்கார்ந்தால் இந்த வரிசை கத்தும். எதுவும் டெஸ் காதில் ஏறவில்லை.

எதிர்வரிசையிலிருந்து நோலீன் பிகெட்டின் குரல் மட்டும் ஏறியது. கோதுமை விளையும் ஊரிலிருந்து வந்தவள். ஒலிபெருக்கி இல்லாமலே பார்வையாளர் மாடத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் தொண்டை அவளுக்கு.

"டியர்னன் ஏன் இஞ்சி தின்ன மாதிரி உட்கார்ந்திருக்கார்? பொறக்கப்போற பிள்ளைக்கு என்ன வரி போடலாம்னு யோசிக்கிறாரா?"

அந்தப் பக்கம் சிரிப்பலை. டெஸ் பதினைந்து வருஷமாக அவளுடைய வாய்க்கு ஈடு கொடுத்தவர்தான். இன்றைக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அமைதி! உறுப்பினர் பிகெட், இது கடைசி எச்சரிக்கை" என்றார் சபாநாயகர்.

"நிதியமைச்சர் ஒரு பொய்யர், சபாநாயகர் அவர்களே!"

"அந்தச் சொல்லை வாபஸ் வாங்குங்கள்."

"வாங்கிட்டேன். உண்மையே பேசத் தெரியாதவர்னு மாத்திக்கிறேன்!"

"உறுப்பினர் பிகெட் ஒரு மணி நேரம் அவையை விட்டு வெளியேற வேண்டும்!"

மணி இரண்டே முக்கால். நோலீன் காகிதங்களை அள்ளிக்கொண்டு, அவைக்கு ஒரு கும்பிடு போடாத குறையாகத் தலையைச் சாய்த்துவிட்டு வெளியேறினாள்.

"பைத்தியமா உனக்கு நோலீன்? மூணரைக்கு ஓட்டு இருக்கு!" ராஸ் மேசையில் ஓங்கிக் குத்திய சத்தம் அவை முழுக்கக் கேட்டது.

டெஸ்ஸுடைய கட்சிக் கொறடா பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "அங்க ஒரு ஓட்டுக் குறைஞ்சுபோச்சு. நீ இல்லாமலே ஜெயிச்சுடுவோம். இன்னும் ஏன்யா உட்கார்ந்திருக்க? ஓடு!"

டெஸ் ஓடினார்.

மூன்று இருபதுக்கு ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான். பிரைடியின் கையைப் பிடித்தபடி அவர் அருகிலேயே இருந்தார். கால் மணி நேரம் கழித்துப் போன் அதிர்ந்தது. மசோதா ஒரு ஓட்டில் நிறைவேறியிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பேரன் கொட்டாவி விடுவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை ஒரு பெட்டி லாமிங்டன் கேக்குடன் நாடாளுமன்றத்துக்கு வந்தார். நடைபாதையில் ராஸ் எதிர்ப்பட்டார்.

"மசோதாவைத் தோற்கடிக்கிற வாய்ப்பு கைவிட்டுப் போச்சு" என்று உறுமிக்கொண்டே அவர் கடந்து போனார். கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துக்கொண்டு டெஸ் நடந்தார்.

காபிக் கடை வரிசையில் நோலீன் நின்றிருந்தாள். அவளிடம் பெட்டியை நீட்டினார்.

"எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது நோலீன். வேணும்னேதான் வெளியே போன. உன் மனசு யாருக்கும் வராது."

அவள் கேக்கை எடுத்துக் கடித்தபடி சிரித்தாள்.

"வேணும்னேதான் போனேன். ஆனா யோசனை என்னோடது இல்லய்யா. யாருக்கும் ஜோடி கொடுக்கக் கூடாது, கொடுத்தா கொறடா பதவி போயிடும்னு அன்னிக்குக் காலையிலேயே எங்க தலைவர் உத்தரவு. நீ வந்து கேட்டுட்டுப் போன அஞ்சாவது நிமிஷம் எனக்கு இது வந்துச்சு. தலைவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

போனைத் திருப்பிக் காட்டினாள். ராஸ் ஹாலவே அனுப்பிய செய்தி அது:

"மூணு மணிக்குள்ள சபாநாயகர் உன்னை வெளியே துரத்தற மாதிரி ஏதாவது பேசு. நான் மேசையைக் குத்திக் கத்துவேன், கண்டுக்காதே. டெஸ் தாத்தா ஆகப்போறான்."