கலர் வராத பிரிண்டர்

"கலர் டேங்க் மூணுலயும் கிரே மையா? அப்புறம் இந்த பிரிண்டர்ல ஜென்மத்துக்கும் கலர் வராது சார். பரவாயில்லையா?"

கடைக்காரர் இரண்டாவது தடவையாகக் கேட்டார்.

"பரவாயில்ல," என்றார் டிராயிங் மாஸ்டர்.

பக்கத்தில் நின்ற செயலாளரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். பள்ளியின் பழைய பிரிண்டர் உயிரை விட்டிருந்தது. சங்கத்துச் செலவில் புதிதாக ஒன்று வாங்க மாஸ்டரோடு வந்திருந்தார். வகுப்பு போட்டோ எடுப்பதும், அதை பிரிண்ட் போட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பதும் வருஷா வருஷம் மாஸ்டரின் பொறுப்பு. இந்த வருஷப் படமும் எடுத்தாகிவிட்டது. பிரிண்ட் போடுவதுதான் பாக்கி.

"மாஸ்டர், இந்த வருஷம்தான் பிள்ளைங்களுக்கு அரக்குக் கலர்ல புது ஸ்வெட்டர் வந்திருக்கு. அத்தனை பேரும் வரிசையா நிக்கிறது கலர்ல எவ்வளவு அழகா இருக்கும். புதுசா சேர்ந்த பொண்ணு ஒண்ணுதான் பழைய ஸ்கூல் பச்சை ஸ்வெட்டர்லயே வருதாம். எங்க பொண்ணுங்க அவளைக் கிளின்னுதான் கூப்பிடுதுங்க. அது பாட்டுக்குத் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

"கறுப்பு வெள்ளைதான் மேடம் நல்லா இருக்கும்," என்றார் மாஸ்டர்.

"போட்டோ கலர்லதான் வரும்னு எல்லா அம்மாங்களுக்கும் நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நானும் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

யாருக்கு, மை விற்கிறவனுக்கா என்று செயலாளரம்மா மனசுக்குள் கேட்டுக்கொண்டார்.

கடைக்காரர் நடுவில் புகுந்தார். "இருக்கிறதுலயே விலை கம்மியான மாடல் இதுதான். கலர் மையே இருக்கட்டுமே. கறுப்பு வெள்ளைப் படமும் இதுல வரும்." ஒரு மாதிரிப் படத்தை அடித்து நீட்டினார்.

மாஸ்டர் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லேசா பச்சை அடிக்குதே."

"கலரையெல்லாம் கலந்துதானே சார் சாம்பல் நிறம் காட்டுது, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். கிரே மைக்குன்னே தனி டேங்க் இருக்கிற பெரிய மாடல் ஒண்ணு இருக்கு. ஆனா கையைக் கடிக்கும்."

"அதுக்குத்தான் சொல்றேன். இதையே வாங்கி, கலர் டேங்க்ல கிரே மையை ஊத்திக்கலாம். ஒண்ணு அடர்த்தியா, ஒண்ணு நடுத்தரமா, ஒண்ணு வெளிறலா. படம் பாக்க அம்சமா இருக்கணும். பாத்தவங்க யாரும் கலர் எங்கன்னு கேக்கக் கூடாது."

"கேப்பாங்க. என்னைத்தான் கேப்பாங்க," என்றார் செயலாளரம்மா.

ஆனால் போட்டோ விஷயத்தில் மாஸ்டர் சொல்வதுதான் என்று தலைமையாசிரியை முன்னமே கைகழுவி விட்டிருந்தார். செயலாளரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கடையை விட்டு இறங்கியதும் போனை எடுத்தார். "அந்த மனுஷன் கறுப்பு வெள்ளைதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. ஒண்ணு கலைப் பித்து, இல்லேன்னா கடைக்காரனோட ஏதோ உள்குத்து," என்று ஒரு அம்மாவிடம் கொட்டித் தீர்த்தார். அந்த அம்மா மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்வார் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் மகள் போட்டோவோடு வீட்டுக்கு வந்தாள்.

குறை கண்டுபிடிக்கத்தான் செயலாளரம்மா கண்ணாடியை மாட்டினார். கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு முகமும் அத்தனை தெளிவு. மகளின் கன்னக்குழிகூடத் தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் மனசில்லாமல். "இதுல உங்க கிளி எங்கடி?"

"நீயே தேடும்மா."

முன்வரிசையில் தேடினார். நடுவரிசை, பின்வரிசை எல்லாம் பார்த்தார். எல்லார் மேலும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். அந்தப் பெண்ணின் முகம் அவருக்குத் தெரியாது. அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஸ்வெட்டர்தான்.

"எங்களுக்கே சட்டுன்னு தெரியலம்மா," என்றாள் மகள். "போட்டோ எடுத்த அன்னிக்கு அவ வரவே மாட்டேன்னு பாத்ரூம்ல போய் அழுதுட்டு இருந்தா. மாஸ்டர் முன்னாடியே புது ஸ்வெட்டர் வாங்கித் தரேன்னாராம். அவங்க அம்மா வேண்டாம்னுட்டாங்க, கொஞ்ச நாள் போகட்டும், நாங்களே வாங்கிக்கிறோம்னு. அன்னிக்கு மாஸ்டர் கதவுகிட்ட நின்னு அவகிட்ட ஏதோ சொன்னாரு. முகத்தைக் கழுவிட்டு வந்து நடுவுல நின்னுட்டா."

செயலாளரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னிக்குப் போட்டோவைப் பையிலகூட வைக்கலம்மா. கையிலயே பிடிச்சுட்டுப் போனா."

போன் அடித்தது. அதே அம்மா.

"பாத்தீங்களா? கலர்ல வரும்னு நம்பியிருந்த நம்மளை ஏமாத்திட்டாரு பாருங்க. எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காங்க. மாஸ்டர் மேல ஒரு புகார் எழுதிடலாம், செயலாளர்ங்கறதால நீங்கதான் முதல் கையெழுத்து."

செயலாளரம்மா போட்டோவை மறுபடி பார்த்தார். நடுவில் ஒரு பெண், அழுது வீங்கிய கண்ணோடு, எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் மேல ஒரு தப்பும் இல்ல," என்றார். "அன்னிக்கு உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன். கறுப்பு வெள்ளைதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னது நான்தான்."