மூன்றாம் மாடித் தொட்டிகள்

"அம்பாரோ வீட்டு வெல்லத் தண்ணியில பூச்சி மிதந்துச்சாம், டோன்யா ரூபியேலா. இந்த மாடியில ஏழு வீட்டுக்காரங்களும் ஒண்ணா வந்து புகார் சொல்லிட்டாங்க. மாசக் கடைசி சனிக்கிழமை வேண்டாத சாமான் அள்ளுற வண்டி வரும். அதுக்குள்ள பூச்சி போகணும். இல்லேன்னா உங்க பூந்தொட்டியெல்லாம் அதுல போகும்."

'டோன்யா' என்று மரியாதையாக அழைத்தாலும், குடியிருப்பின் நிர்வாகி எரிபெர்த்தோ கறாராகவே சொன்னார்.

"என் செடியில பூச்சி வராது" என்றாள் ரூபியேலா.

"அப்ப இப்போ என் மூக்குக்குள்ள போனது என்னவாம்?"

கொசுவைவிடச் சின்னதாகக் கருப்புப் பொடி ஈக்கள் அவர்களுக்கு நடுவே பறந்துகொண்டிருந்தன.

மனிசாலெஸ் நகரத்திலேயே இப்படி ஒரு வராந்தா கிடையாது என்பது அவளுடைய பெருமை. ஃபெர்ன் இரண்டாம் மாடிவரை தொங்கும். ஆந்தூரியம் வருஷம் முழுக்கப் பூக்கும். ஆனால் யாராவது இலையைத் தொட்டால் போதும், வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் பறந்து வரும்: "கண்ணால பாருங்க, கையால பார்க்காதீங்க!"

வந்த பூச்சியை ஒழிக்க அவளுக்குத் தெரியாதா என்ன?

மேல்மண் நன்றாகக் காயும்வரை தண்ணீர் விடவில்லை. விட்டபோதும் அடித்தட்டில்தான் ஊற்றினாள். பூச்சி வந்து ஒட்டிக்கொள்ள எண்ணெய் தடவிய மஞ்சள் அட்டைகளைத் தொட்டிதோறும் குத்தி வைத்தாள். உருளைக்கிழங்கு வில்லைகளை மண்மேல் வைத்து, அடியில் வந்து ஒட்டிய, அந்தப் பூச்சியின் வெள்ளைப் புழுக்களோடு அள்ளிக் குப்பையில் போட்டாள். கடைசியில் எல்லாத் தொட்டியிலும் மணல் பரப்பினாள்.

பூச்சி குறைந்தது. அப்புறம் பழையபடி வந்தது.

கெடுவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஃபெர்ன் தொட்டியின் இலைகளை விலக்கிப் பார்த்தாள். மணலுக்கு மேல் ஈரமாக, கருப்பாக ஒரு கட்டி. முகர்ந்தாள்.

காபிச் சக்கை!

ஆந்தூரியத்திலும் இருந்தது. பிகோனியாவிலும் இருந்தது. அவள் ஒருநாளும் சக்கை போட்டதில்லை. ஈரச் சக்கையில் பூசணம் பிடிக்கும், பூசணத்தைத் தின்னத்தான் அந்தப் புழுவே வரும். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். செடியை ஒழிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

சனிக்கிழமை காலை. எல்லா வீட்டிலும் காபி மணம். ரூபியேலா கதவிடுக்கில் கண் வைத்து நின்றாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தலையில் சுருட்டைக் கிளிப்புகளோடு அம்பாரோ வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். ஃபெர்ன் இலைகளைத் தூக்கி, கோப்பையிலிருந்ததைக் கொட்டி, விரலால் அமுக்கிவிட்டாள்.

"மாட்டினியா!"

அம்பாரோ துள்ளிவிட்டாள்.

"பூச்சின்னு புகார் சொல்றதும் நீ, பூச்சிக்குத் தீனி போடுறதும் நீயா?"

"தீனியா? செடிக்கு உரம், டோன்யா! எங்க அண்ணன் தோட்டத்துக் காபி. அந்தச் சக்கையைக் கண்ட செடிக்கெல்லாம் போடுவேனா?"

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருஷமா. பின்ன, இந்த ஃபெர்ன் சும்மாவா இப்படித் தொங்குது?"

ரூபியேலாவுக்கு உச்சி கொதித்தது. "எல்லாரும் வெளிய வாங்க! பூச்சி வளர்க்கறவ யாருன்னு வந்து பாருங்க!"

மற்ற ஆறு வீட்டுக் கதவுகளும் திறந்தன.

பள்ளி ஆசிரியர் கில்பெர்த்தோ கையில் ஒரு கோப்பை. தையல்காரி நோரா கையில் சொட்டச் சொட்டக் காபி வடிகட்டும் துணி. மற்றவர்கள் கையிலும் கோப்பையோ கிண்ணமோ. எல்லாவற்றிலும் சக்கை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ஆந்தூரியத்துக்கு... நான்தான்" என்றார் ஆசிரியர்.

"பிகோனியாவுக்கு நான்" என்றாள் நோரா. "வாரத்துக்கு ஒரு முட்டை ஓடும் பொடிச்சுப் போடுவேன்."

"ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா விட்டிருப்பீங்களாக்கும்! இலையைத் தொட்டாலே ஊரைக் கூட்டுவீங்க" என்றாள் அம்பாரோ.

"செய்யறதையும் செஞ்சுட்டுப் புகார் வேற!"

ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "நான் போடுற தொட்டியிலிருந்து வராது, மத்த தொட்டியிலிருந்துதான் வருதுன்னு நினைச்சேன்."

"நானும்தான்" என்று நான்கைந்து குரல்கள் முனகின.

"சக்கை எந்தத் தொட்டியில விழுந்தாலும் பூச்சி வரும்" என்றாள் ரூபியேலா. "இனிமே சொல்லி என்ன? கீழ வண்டி வந்தாச்சு."

படிக்கட்டில் காலடிச் சத்தம். எரிபெர்த்தோ இரண்டு சுமைக்காரர்களோடு மேலே வந்தார். அவர் காதைச் சுற்றி ஒரு பொடி ஈ. கையால் விரட்டினார்.

"பூச்சி போகல. சொன்னது சொன்னதுதான். பொது வராந்தாவுல ஒரு தனி ஆளோட சாமான் இருந்து எல்லாருக்கும் தொல்லை கொடுக்கக் கூடாது. டோன்யா ரூபியேலாவோட தொட்டி எதெதுன்னு காட்டுங்க, இவங்க எடுத்துக்கட்டும்."

ரூபியேலா ஃபெர்ன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அம்பாரோ காலிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஃபெர்னுக்கு முன்னால் போய், இடுப்பில் கை வைத்து நின்றாள். ஆசிரியர் ஆந்தூரியத்தை மறைத்து நின்றார். நோரா பிகோனியா தொட்டியைத் தூக்கி இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள்.

அம்பாரோ சொன்னாள்:

"அவங்களோடது இங்க ஒண்ணுகூட இல்ல. எல்லாம் எங்க செடி. எவன் கை வைக்கிறான்னு பார்க்கிறோம்!"