ஒரு சக்கரத்தில் மட்டும்

"கதவைத் திறங்க பெரியவரே! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

நெவேனா போட்ட சத்தத்தில் மாடிப்படி முழுக்கக் கதவுகள் திறந்தன. கடைசியாகத் திறந்தது எதிர்வீட்டு மெத்தோதியின் கதவு. ரூஸே நகரத்தில் பஸ் ஓட்டி ரிட்டயரானவர்.

"வண்டியில மறுபடியும் டயர்ல காத்து இல்லேன்னு விளக்கு எரியுது. நான் இங்க குடிவந்ததுலேர்ந்து என்னைப் பார்த்தாலே முறைக்கிறீங்க. காத்தைப் பிடுங்கி விடறது நீங்கதானே?"

"வாய்க்கு வந்ததைப் பேசாதே பொண்ணு. உன் வண்டியை நான் எதுக்குத் தொடறேன்?"

படாரென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நெவேனா நேரே பிளாமெனின் டயர் கடைக்கு வண்டியை விட்டாள்.

பிளாமென் சோப்புத் தண்ணி தெளித்துப் பார்த்தார். குமிழி வரவில்லை. ஆணியும் இல்லை. வலது பின் சக்கரத்துக்குக் காற்று அடித்துவிட்டு, மற்ற மூன்றையும் அளந்தார்.

"காத்து இல்லேன்னு வண்டிக்கு எப்படிண்ணே தெரியுது?"

"காத்து குறைஞ்சா சக்கரம் துளி சின்னதாயிடும்மா. மத்ததைவிட வேகமாச் சுத்தும். அதை வச்சுக் கண்டுபிடிக்குது."

"இந்தப் பட்டனை அழுத்தினா விளக்கு அணைஞ்சிடும்னு என் தங்கச்சி சொன்னாளே?"

"அணையும். ஆனா காத்து அடிக்காம அழுத்தினா, குறைஞ்சதையே சரின்னு நம்பிடும். முதல்ல காத்து, அப்புறம்தான் பட்டன். இப்ப அழுத்துங்க. கொஞ்ச தூரம் ஓட்டினதும் புது அளவைப் படிச்சுக்கும்."

அழுத்திப் பிடித்தாள். விளக்கு அணைந்தது.

"யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க, இல்லண்ணே?"

பிளாமென் கையைத் துடைத்துக்கொண்டே, "குளிர் ஆரம்பிச்சிடுச்சு பாருங்க. குளிர்ல காத்து சுருங்கும்..." என்று விளக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மழை. வழக்கம்போல வாசல் படியை ஒட்டி வண்டியை நிறுத்தினாள். தூரத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மெத்தோதி தன் பழைய காரிலிருந்து மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஊன்றுகோலோடு ரெண்டு எட்டு வைப்பதும், நின்று மூச்சு வாங்குவதுமாக, நனைந்துகொண்டே வந்தார்.

நெவேனா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், சுடச்சுட ஒரு தட்டு பனித்ஸா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தோடு எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. எல்லாம் குளிராலதானாம். நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்."

மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

மெத்தோதி தட்டை வாங்கவில்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது. வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினார்.

"காலமெல்லாம் பஸ் ஓட்டினவன்மா நான்," குரல் இறங்கியிருந்தது. "குளிர்னா நாலு சக்கரத்துலயும்தான் குறையும். ஒண்ணுல மட்டும் குறையாது. காத்தைப் பிடுங்கினது... நான்தான்."

"தெரியும்யா. ஒண்ணுல மட்டும் குறையாதுன்னு பிளாமென் அண்ணனும் சொல்லிட்டார். ஏன் பண்ணீங்கன்னு மழையில உங்களைப் பார்த்தப்பதான் புரிஞ்சுது."

"தெரிஞ்சுமா மன்னிப்புக் கேட்டே?"

"அது வாசல் இடத்தை நான் பிடிச்சுக்கிட்டதுக்கு. என் வண்டியைக் குப்பைத் தொட்டிப் பக்கம் மாத்திட்டேன். இனி நீங்க வாசல்லயே நிறுத்துங்க. பாவம், அவங்களால அவ்வளவு தூரம் நடக்க முடியலை."