மூன்றாம் வரிசையின் நடு

டிரம் அடித்து முடித்துப் பத்து நிமிடம் ஆகியும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

புதுக் குழுவின் பெண்கள் மைதானத்து ஓரம், வேப்பமர நிழலில், மெரூன் கோட்டுப் பித்தான்களைத் தளர்த்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக அடித்திருந்தார்கள். நடுவர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டியிருந்தார். மாவட்டப் பேண்டுப் போட்டியில் இந்தக் குழுவோடு இதுதான் அவளுக்கு முதல் தடவை.

ஒலிபெருக்கியில் அடுத்த குழுவின் பெயரைச் சொன்னார்கள்.

ஐந்து வருடம் அவள் சட்டைத் தோளில் தைத்திருந்த பெயர்.

நீலச் சட்டைகள் வாசல் வழியாக உள்ளே வந்தன. முன்னால் கொடிக்காரி. அடுத்துப் பெரிய டிரம். பின்னால் சைடு டிரம்கள், மூன்று மூன்று பேராக நான்கு வரிசை.

மூன்றாம் வரிசையில் மட்டும் இரண்டு பேர்.

நடு இடம், அவள் இடம், காலி.

நெருங்கி நின்று அடைத்திருப்பார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இல்லாவிட்டால் வேறு யாரையாவது நிறுத்தியிருப்பார்கள். எட்டு நாள் இருந்ததே.

வரிசை வலப்பக்கம் திரும்பியது. காலி இடமும் கூடவே திரும்பியது. வரிசை பின்னால் நடந்தது. அதுவும் நடந்தது. ஒரு ஆள் அகலம், கொஞ்சமும் கூடாமல், குறையாமல்.

அதற்கு வலப்பக்கம் டெல்ஃபின். ஆறாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. நீலக் குழுவுக்கு அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவளே டெல்ஃபின்தான்.

அந்தக் கட்டம் வந்தது. டெல்ஃபின் தன் இடது குச்சியைப் பக்கத்து டிரம்மில் போடவேண்டிய கட்டம். நான்கு அடி.

டெல்ஃபின் போட்டாள்.

காற்றில். நான்கு தடவையும்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மெரூன் கோட்டுக்காரி ஒருத்தி வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, "காத்துல அடிக்கா பாருட்டி" என்றாள். நிழலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள்.

மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் சிரிப்பு கொஞ்ச நேரம் கேட்டது.

வெளியே போக ஒரே வழி. நீலச் சட்டைகள் வேப்பமரத்தைக் கடந்துதான் போகவேண்டும். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள். வரிசை தள்ளிப் போய்விட்டது. ஒரு ஜோடி ஷூ மட்டும் அவள் முன்னால் நின்றது.

நிமிர்ந்தாள்.

டெல்ஃபின் அவளுடைய மெரூன் கோட்டைப் பார்த்தாள். காலரிலிருந்து கீழ்ப் பித்தான் வரைக்கும். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"காய்ச்சல் விட்டுட்டா?"

கேலி இல்லை. கேட்டுக்கொண்டே, பழக்கத்தில், அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. அப்போதுதான் டெல்ஃபினுக்கு விளங்கியிருக்க வேண்டும். கையை இறக்கிக்கொண்டு தன் குழுவின் பின்னால் ஓடினாள்.

எட்டு நாள் முன்பு டெல்ஃபினுக்கு அவள் அனுப்பிய செய்தி அது. காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அனுப்பிவிட்டுப் புதுக் கோட்டுக்கு அளவு கொடுக்கப் போனாள். அன்றிலிருந்து தினமும் காலையில் டெல்ஃபின் கேட்டு எழுதினாள். உன் இடத்தில் யாரையும் நிறுத்தவில்லை, போட்டிக்குள் சரியாகிவிடும் என்று எழுதினாள். அவள் பதிலுக்குக் கும்பிடும் கையின் படத்தை அனுப்பினாள்.

பொய்க்கு அவசியமே இருக்கவில்லை. குழு மாறுவது குற்றமா என்ன? போன வருடம் இரண்டு பேர் மாறிப் போனார்கள். கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். டெல்ஃபின்தான் கேக் வாங்கி வந்தாள். புதுக் குழுவில் நல்ல டிரம், பெரிய மைதானம், வெளிமாநிலப் பயணம். யாருக்கு ஆசை வராது? போகிறேன் என்று ஒரு வார்த்தை. போகச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அதைச் சொல்லும்போது டெல்ஃபினின் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

"ஏட்டி, இங்க வா."

ரொசாலியா அக்கா கூப்பிட்டாள். புதுக் குழுவின் தலைவி. தோளில் கை போட்டு மரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

"மூணாவது வரிசைப் பிள்ள. பக்கத்துல ஆளே இல்ல, அடி ஒண்ணு பெசகுச்சா? ஒனக்குத் தெரிஞ்சவதான. மெதுவாப் பேசி நம்ம பக்கம் கூட்டிட்டு வந்துரு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

எதிரில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம், நீலச் சட்டைகள் தரையில் உட்கார்ந்திருந்தன. டெல்ஃபின் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை போலிருந்தது. ஒருத்தியும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவள் நிழலை விட்டு வெளியே வந்தாள். வெயில் மெரூன் கோட்டின்மேல் முழுக்க விழுந்தது.

"டெல்ஃபின்!"

குரல் உடைந்தது. மறுபடி கத்தினாள்.

"டெல்ஃபின்! ஒன்ன எங்க குழுவுக்குக் கேக்காவ. வாரியாட்டி?"

பின்னால் ரொசாலியா அக்கா, "ஏ கிறுக்கி" என்று பல்லைக் கடித்தாள்.

தொட்டிப் பக்கத்துத் தலைகள் எல்லாம் திரும்பின. அவள் கோட்டைப் பார்த்தன. ஒருத்தி எழுந்தேவிட்டாள். அவள் முகம் எரிந்தது. காது எரிந்தது. ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அவள் அசையாமல் நின்றாள்.

டெல்ஃபின் டிரம்மைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.



முதலில் திரும்பித் தன் கூட்டத்து முகங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக.