வாசலில் ஒரு சோம்பு டப்பா

ஞாயிறு மாலை பப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். நான் கோழி தின்கிறவன்.

வெங்காயம்கூட நுழையாத வீடு எங்களுடையது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் குஜராத்திகள். அதில் ஆசாரத்துக்குத் தலைவர் பப்பாதான். யார் வீட்டு கேக்கில் முட்டை இருக்கிறது என்று மோந்தே சொல்லிவிடுவார்.

நான் வீட்டில் ஜிக்னேஷ். தெருமுனை தாண்டினால் ஜேக். ஜேக் பெரிய வீரன். பதிமூன்று வயதிலிருந்து பள்ளிக்கு எதிர்க் கடையில் பொரித்த கோழி தின்கிறான். முதல் கடிக்கு முன்னால் கண்ணை மூடிச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வான். நண்பர்கள் கேட்டால் தலைவலி என்பான்.

வீடு திரும்பும்போது என்னைக் காப்பாற்றியது மம்மியின் அசட்டுத்தனம்தான். சாப்பிட்டபின் மெல்லுகிற வறுத்த சோம்பை எல்லா வீட்டிலும் சாப்பாட்டு மேஜையில் வைப்பார்கள். மம்மி வாசலில், ஷூ அலமாரி மேல் வைத்திருந்தாள். ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனால் ஜேக்கின் வாசனை காணாமல் போய்விடும்.

அடுத்த வாரம் மான்செஸ்டரில் கல்லூரி. அங்கே கனு மாமா வீட்டு மாடியறையில் நான் தங்க பப்பா ஏற்பாடு செய்துவிட்டார். கனு மாமா பூண்டு என்ற பேரைக் கேட்டாலே வாய் கொப்பளிக்கிறவர். அங்கே மூன்று வருஷம் என்றால் ஜேக் செத்தே போவான்.

கண்ணாடி முன் நின்று, என் அடையாளம் பற்றி நாலு நிமிஷ ஆங்கிலப் பேச்சு தயார் செய்தேன். பப்பா முன்னால் போய் நின்றதும் குஜராத்திதான் வந்தது. எனக்குத் தெரிந்ததோ சமையலறை குஜராத்தி.

“பப்பா… நான் கனு மாமா வீட்ல தங்கல. எனக்கு… கோழி வேணும்.”

“எதுக்குடா? வளர்க்கவா?”

“தின்ன.”

கிச்சடி பரிமாறிக்கொண்டிருந்த மம்மியின் கை அப்படியே நின்றது. பப்பா எழுந்துவிட்டார்.

“எத்தனை நாளா?”

“அஞ்சு வருஷமா.”

“அஞ்சு வருஷமா! நான் இருபத்திரெண்டு வருஷமா பஸ் ஓட்டறேன். டிப்போ கேன்டீன்ல பச்சைத் தண்ணி குடிச்சிருப்பேனா? வீட்ல ஒரு ஆளு, வெளிய ஒரு ஆளா? நீ யாருன்னு உனக்காவது தெரியுமா? இப்படி ரெண்டு வேஷம் போட எங்கேடா கத்துக்கிட்ட?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜேக் எப்போதோ ஓடிப்போயிருந்தான்.

“தெரியல பப்பா. நான் யாருன்னு சத்தியமா எனக்கே தெரியல.”

“போதும், பிள்ளையைத் திட்டாதீங்க” என்றாள் மம்மி. “எனக்கு மொத நாளே தெரியும்.”

“எப்படி?” என்று பப்பாவும் நானும் ஒரே குரலில் கேட்டோம்.

“இவன் சட்டையத் துவைக்கிறது யாரு? சட்டைக் கையெல்லாம் எண்ணெய்க் கறை, கோழி வாசனை. சோம்பு வாய்க்குத்தானே, சட்டைக்கு இல்லையே!”

இத்தனை நாள் அசடாக இருந்தது யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அப்போ எனக்காகத்தான் அந்த டப்பாவ வாசல்ல வச்சியா மம்மி?”

மம்மி பப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பப்பா மெல்ல உட்கார்ந்து, கிச்சடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

“உனக்காகவா? நல்லாருக்கே! உங்க பப்பா டிப்போவுல வேலைக்குச் சேர்ந்த வாரமே வச்சது அது. நீ அப்போ பொறக்கவே இல்ல.”