வேற வேற டைப்

பொம்மனஹள்ளி அடுக்குமாடிக் குடியிருப்பில், தன் மாடியில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதைச் சுவரில் காது வைத்தே சொல்லிவிடுவாள் வேதநாயகி. அப்பேர்ப்பட்டவளுக்கே, பக்கத்து வீட்டு ஹரிஷ் ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது பிடிபடவில்லை.

“ரெண்டும் வேற வேற டைப். அப்படியே சேராது. ஒண்ணு மாறித்தான் ஆகணும்.”

விவாகரத்தேதான் என்று முடிவுகட்டி, தோசை மாவு கேட்கிற சாக்கில் அவன் மனைவி தர்ஷினியின் வாசலில் போய் நின்றாள்.

“ஏம்மா, உனக்கும் அவருக்கும் ஒத்துவரலையா?”

தர்ஷினி சிரித்துவிட்டாள். “ஆபீஸ் மீட்டிங் ஆன்ட்டி. கம்ப்யூட்டர்ல ஒரு டேபிள்ல நம்பர் இருக்கும், இன்னொண்ணுல எழுத்து இருக்கும். ரெண்டையும் ஒண்ணா சேர்க்கணும்னா நம்பரையும் எழுத்தா மாத்தணும்.”

“அதை ஒரு வாரமாவா மாத்தறாங்க? தினமும் அதே பேச்சு, ஒரு வார்த்தை பிசகல. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு!”

தர்ஷினியின் சிரிப்பு அணைந்தது. மூடியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

“இவ்வளவு நாள் பேசினது இன்டர்வியூவுக்கு பிராக்டீஸ் ஆன்ட்டி. வேலை போய் நாலு மாசமாச்சு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவார். இன்னிக்குத்தான் நிஜமான இன்டர்வியூ. இப்ப ஓடிட்டிருக்கு.”

வேதநாயகிக்கு உண்மையாகவே நெஞ்சு பதறியது. ஆனால் அவள் தொண்டைக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை.

“ஐயய்யோ! அவருக்கு நாலு மாசமா வேலை இல்லன்னு உனக்குத் தெரியுமா?”

கதவுக்குப் பின்னால், பாதிப் பதிலில் ஹரிஷின் குரல் நின்றுபோனது.

“ஹலோ, ஆர் யூ தேர்?” என்று லேப்டாப்பிலிருந்து யாரோ இரண்டு தரம் கேட்டார்கள்.