கவிழ்த்து வைத்த வில்லைகள்

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன மாசிலாமணிக்கு, இடது கையால் செய்ய ஒரு வேலை இருந்தது. மருமகள் சுகந்தி களிமண்ணில் உருவங்கள் செய்து, வண்ணம் தீட்டி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்த வில்லைகளாக விற்றாள். முதுகுப் பக்கம் பசை தடவிக் காந்தத்தை அழுத்துவது அவர் பங்கு. வில்லைகள் கவிழ்ந்தபடியேதான் அவரிடம் வரும்.

"திருப்பாதீங்க மாமா, கை பட்டா சாயம் மங்கிடும்."

அன்று நாற்பதாவது வில்லை கைதவறி மல்லாந்து விழுந்தது. அதில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, மூக்குக் கண்ணாடி, கழுத்தில் மாலை, எல்லாம் அச்சு அசல். தை வந்தால் அவருக்கு எழுபது. விழாவுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க மருமகள் ரகசியமாகச் செய்கிறாள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. கோணிய வாயில் சிரிப்போடு, மாலைக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தார். 'தோற்றம்' என்பதற்கு நேரே அவர் பிறந்த தேதி இருந்தது. 'மறைவு' என்பதற்கு நேரே ஒன்றும் இல்லை.

அந்த வெற்றிடத்தில் அவர் விரல் நிற்பதைச் சுகந்தி பார்த்தாள்.

"அதை அப்புறம் எழுதிக்கலாம் மாமா," என்றாள். "ஐப்பசி மழை பிடிச்சா மண்ணு காயாது. அதான் இப்பவே."

மூக்கு உடையவில்லை என்று பார்த்துவிட்டு, வில்லையைக் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தாள். ஒரு கையால் அவருக்குத் திறக்க வராது என்று புதுப் பசைக் குப்பியின் மூடியையும் அவளே திருகிக் கொடுத்தாள்.